விடியலில் கிளம்பும் பழைய கார்கள்

அமெரிக்காவில் அது இரவு உலா. பெங்களூரில் ஞாயிறு அதிகாலை ஊர்வலம். பழைய கார்களைப் பராமரிப்பவர்கள் இன்று மல்லுக்கட்டுவது துருவோடு மட்டுமல்ல, சட்டத்தோடும் பெட்ரோலோடும்தான்.

வேலை நாள் காலையில் லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் ஏறும் வண்டி இரண்டாவது கியரைத் தாண்டுவது அபூர்வம். பாலத்துக்கு ஒரு பக்கம் பிரேசர் டவுனும் காக்ஸ் டவுனும். மறுபக்கம் கம்மனஹள்ளி, பானஸ்வாடி, ஹென்னூர். கீழே ரயில் பாதை. ஒரு கோடிக்கு மேல் வாகனங்கள் பதிவாகியுள்ள பெங்களூரின் மொத்த நெரிசலையும் இந்த ஒரு பாலத்தில் நின்றே பார்த்துவிடலாம். 2024ல் டாம்டாம் நிறுவனம் எடுத்த கணக்குப்படி, இந்த நகரத்தில் 10 கிலோமீட்டர் தூரம் கடக்க 34 நிமிடம் ஆனது. சைக்கிளில் போகிறவர் கொஞ்சம் அழுத்தி மிதித்தால் முந்திவிடலாம்.

இந்த வரிசையில் 1950களின் மோரிஸ் மைனர் ஒன்று மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பத்தாவது நிமிடத்தில் ரேடியேட்டர் தண்ணீர் சூடேறும். பானெட்டுக்கு அடியில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, எஞ்சின் இருமிவிட்டு நின்றுபோகும். அந்தக் காலத்து டிரைவர்களுக்கு இதற்கு வைத்தியம் தெரியும்: பானெட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வருவது. பின்னால் நூறு வண்டிகள் ஹாரன் அடிக்கும் பாலத்தின் நடுவில் அந்த வைத்தியம் பலிக்காது.

அதனால்தான் பெங்களூரில் பழைய கார்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். காற்றில் குளிர் இருக்கும். சாலை காலியாக இருக்கும். சிக்னல்களில் பால் வண்டியும் பேப்பர் போடும் பையன்களும்தான் இருப்பார்கள். வாரம் முழுக்க உறையின் கீழ் தூங்கிய அம்பாசிடரும் பியட்டும் ஹெரால்டும் அப்போதுதான் வெளியே வரும். பத்து மணிக்குள் திரும்பியும்விடும்.

சூரியன் உதித்த பிறகு

பழைய கார்க்காரர்கள் கூடி உலாப் போகும் வழக்கம் மேற்கிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் வாலிபர்கள் கையில் காசும் காரும் புழங்கத் தொடங்கின. கலிபோர்னியாவில் வெள்ளி, சனி இரவுகளில் ஊரின் பிரதான சாலையில் மேலும் கீழுமாக மெதுவாக ஓட்டிப்போய்க் காரைக் காட்டுவது ஒரு கலாசாரமாகவே வளர்ந்தது. 1973ல் வந்த 'அமெரிக்கன் கிராபிட்டி' படம் அந்த இரவுகளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்த வாலிபர்கள் வயதானார்கள், கார்களும் பழசாயின. இரவு உலா பழைய கார்க் கிளப்புகளின் சொத்தானது.

இந்தியாவுக்கு அந்த இரவு ஒத்துவரவில்லை. காரணங்கள் மிக எளிமையானவை. 1950களின் நடுப்பகுதிவரை வந்த பல கார்களில் மின்சாரம் 6 வோல்ட்தான். முகப்பு விளக்கு மினுக்கென்று எரியும். எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் அது இருக்கிறதா என்றே தெரியாது. டிரம் பிரேக், மிதித்தவுடன் பிடிக்காது. சில கார்களில் திரும்பும் சைகைக்கு விளக்குகூடக் கிடையாது. கதவுத் தூணிலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீளும். பின்னால் வரும் ஆட்டோக்காரர் அதைக் கவனிப்பார் என்று எதிர்பார்ப்பது அசட்டுத் துணிச்சல். இரவும் போக்குவரத்தும் வெயிலும் ஆகாது என்றால், மிஞ்சுவது விடியல்தான்.

இதிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. உலகின் மிகப் பழைய கார் ஊர்வலமான லண்டன் - பிரைட்டன் ஓட்டம் கிளம்புவதும் சூரிய உதயத்தில்தான். காருக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்ற பிரிட்டிஷ் விதி 1896 நவம்பரில் நீக்கப்பட்டு, மணிக்கு 14 மைல்வரை போகலாம் என்று அனுமதி வந்தது. அந்த விடுதலையைக் கொண்டாட அன்று நடந்த ஓட்டத்தின் நினைவாக 1927 முதல் அது திரும்ப நடக்கிறது. 1905க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டுமே அங்கே இடம். பழைய கார்களின் முதல் கொண்டாட்டமே ஒரு சட்டம் மாறியதற்கான கொண்டாட்டம் என்பது கவனிக்கத்தக்கது. ஏனென்றால் இன்று இந்தியக் கார்ப் பிரியர்களின் பேச்சு எங்கே தொடங்கினாலும் சட்டத்தில்தான் போய் முடிகிறது.

ராஜாக்களும் குமாஸ்தாக்களும்

இந்தியாவில் இந்த ஆர்வத்துக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தது ஒரு நாளிதழ். 'தி ஸ்டேட்ஸ்மன்' 1964ல் தில்லியிலும் 1968ல் கல்கத்தாவிலும் பழைய கார் பந்தயத்தைத் தொடங்கியது. வேகத்துக்கு அல்ல, வண்டி அசலாக இருக்கிறதா, நன்றாக ஓடுகிறதா என்பதற்குத்தான் பரிசு. தில்லி ஊர்வலத்தின் நட்சத்திரம் ஒரு காரே அல்ல. ஒரு காலத்தில் நிஜாம் ரயில்வேயில் தீயணைத்த 1914ஆம் ஆண்டு 'ஜான் மோரிஸ்' தீயணைப்பு வண்டி, ரயில் அருங்காட்சியகத்திலிருந்து புறப்பட்டு வந்து மணியடித்துக்கொண்டு போகும்.

பிறகு மும்பை, சென்னை, பெங்களூர், கோவை என்று ஊருக்கு ஊர் கிளப்புகள் வந்தன. பெங்களூரில் கர்நாடக விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் இயங்குகிறது. மைசூர் தசராவையொட்டி இங்கிருந்து பழைய கார்கள் அணிவகுத்துப் போனதுண்டு. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிவரை போவது சென்னைக்காரர்களுக்குப் பிடித்த ஓட்டம்.

பழைய கார் என்றதும் மனதில் வருவது மகாராஜாக்கள்தான். மைசூர் அரண்மனை ரோல்ஸ் ராய்ஸ் கார்களை ஏழு ஏழாக வாங்கும் என்றும், மொத்தமாக வாங்குவதையே அந்தக் கம்பெனியில் 'மைசூர் செய்வது' என்பார்கள் என்றும் ஒரு கதை கார்ப் பிரியர்களிடையே உலவுகிறது. 1971ல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டபோது அரண்மனை ஷெட்டுகளில் நின்ற கார்கள் பல கைமாறின. சில சேகரிப்பாளர்களிடம் போயின. சில பழைய இரும்புக் கடைக்குப் போயின.

ஆனால் ஞாயிறு விடியலில் வருவது பெரும்பாலும் ராஜாக்களின் கார்கள் அல்ல. டாக்டர்களும் கான்ட்ராக்டர்களும் கலெக்டர் ஆபீசும் டாக்சிக்காரர்களும் ஓட்டிய வண்டிகள். சுதந்திரத்துக்குப் பிறகு சுமார் முப்பது ஆண்டுகள் இந்தியாவுக்கு மூன்று கார்கள்தான். கல்கத்தா அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 மே மாதம்வரை தயாரித்த அம்பாசிடர். மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த பியட். பிற்பாடு அதன் பெயர் பத்மினி. மூன்றாவது, தமிழர்கள் சொந்தம் கொண்டாடும் ஸ்டாண்டர்ட்.

சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே ஹெரால்ட் தயாரானது. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு விற்ற இந்தக் காருக்கு நான்கு கதவு வைத்தது சென்னைக்காரர்கள்தான். குடும்பம் பெரிது, பின் சீட்டில் பாட்டியும் ஏற வேண்டும் என்பது இங்கத்திய கணக்கு. ஹெரால்டுக்குப் பிறகு கெசல், 1985ல் ஸ்டாண்டர்ட் 2000. அதோடு கதை முடிந்தது. பத்தாண்டு கழியும் முன்பே தயாரிப்பு நின்றுபோனது. கம்பெனியே இல்லாத காருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ஹெரால்ட் வைத்திருப்பவர் சிரித்துக்கொண்டே ஒரு மெக்கானிக் பெயரைச் சொல்வார்.

எண்ணூரில் 1949ல் அசோக் மோட்டார்ஸ் பூட்டத் தொடங்கிய ஆஸ்டின் ஏ-40 காரும் இந்தக் குடும்பத்தில் சேர்த்தி. அந்தக் கம்பெனிதான் பிறகு லாரிகளுக்குப் பெயர் பெற்ற அசோக் லேலண்ட். மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1960களின் தொடக்கத்திலிருந்து 1996வரை செய்த ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களுக்கோ தனி ரசிகர் பட்டாளமே உண்டு. ஆண்டுதோறும் ஜூலை மாத இரண்டாவது ஞாயிறன்று அவர்கள் பெங்களூரில் கூடுகிறார்கள். கிளம்பும்போது எழும் புகையையும் டப டப சத்தத்தையும் குற்றமாக அவர்கள் யாரும் நினைப்பதில்லை.

கை வைத்தியர்கள்

பழைய காரின் உயிர் அதன் சொந்தக்காரர் கையில் இல்லை, மெக்கானிக் கையில் இருக்கிறது. கன்டோன்மென்ட் பெங்களூர் இதற்குத் தோதான இடம். 1809ல் ஆங்கிலேயர் இங்கே ராணுவக் குடியிருப்பை அமைத்தபோது மதராஸ் மாகாணத்திலிருந்து சிப்பாய்களோடு வணிகர்களும் கைத்தொழிலாளர்களும் வந்து குடியேறினார்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் அல்சூர், சிவாஜி நகர், பிரேசர் டவுன், லிங்கராஜபுரம் பக்கங்களில் தமிழ் பேசுகிறார்கள். துரைமார்களின் மோட்டார் வண்டிகள் முதலில் ஓடியதும் இந்தப் பகுதியில்தான். வண்டி இருக்கும் இடத்தில் பட்டறையும் வரும்.

பழைய காருக்கு வேண்டிய பாகத்தைத் தேடுவது ஒரு தனி வித்தை. பெங்களூரில் ஜே.சி. ரோடு கடைகளும் சிவாஜி நகர் குஜிலிக் கடைகளும் முதல் இடம். சென்னை என்றால் புதுப்பேட்டை. அங்கே இல்லாவிட்டால், வேறொரு வண்டியின் பாகம் பொருந்துமா என்று பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் லேத் பட்டறை. தேய்ந்த புஷ்ஷைக் கொடுத்தால் அளவெடுத்துப் பித்தளையில் புதிதாகக் கடைந்து கொடுக்கும் கைகள் இன்னும் இருக்கின்றன. டிங்கர் வேலை தெரிந்தவர் கதை இன்னும் சுவாரசியம். நசுங்கிய மட்கார்டை இன்றைய ஒர்க்‌ஷாப்பில் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுவார்கள். புதிது கிடைக்காத காருக்கு, உள்ளே ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து வெளியே சுத்தியலால் தட்டித் தட்டியே பழைய வளைவைக் கொண்டுவர வேண்டும். கை வைத்துத் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்லும் வேலை அது.

சிக்கல் என்னவென்றால், இந்தக் கைகளுக்கு வயதாகிவிட்டது. கார்புரேட்டரைக் காதால் கேட்டு ட்யூன் செய்யத் தெரிந்தவரின் மகன் லேப்டாப்பைச் சொருகி எஞ்சினைப் படிக்கிறான். அதில் தவறில்லை, சோறு அங்கேதான் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு பழைய கார் வந்து என்ன வருமானம் தரப்போகிறது? ஷெட்டின் வாடகைக்கே போதாது. ஒரு கார் இறப்பதைவிட, அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஓய்வு பெறுவதுதான் பெரிய நஷ்டம் என்பது கிளப் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல். வண்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிவிடலாம். கை வித்தையை அப்படி வைக்க முடியாது.

பெட்ரோலும் கைவிட்டுவிட்டது. பழைய எஞ்சின்களின் வால்வு சீட்டுகள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. ஈயம் வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே மெத்தைபோல் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. அதே ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது சரியான முடிவு. கார்ப் பிரியர்களும் மறுப்பதில்லை. கெட்டியான சீட்டுகளைப் பொருத்திக்கொண்டு சமாளித்தார்கள்.

இப்போது வந்திருப்பது எத்தனால். 2025ல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. தினமும் ஓடும் வண்டியில் டாங்க் காலியாகி நிரம்பிக்கொண்டே இருப்பதால் பிரச்னை குறைவு. மாதக்கணக்கில் நிற்கும் பழைய காரில் அதே பெட்ரோல் தேங்கி நின்று, ஈரம் சேர்ந்து, டாங்கின் தகரத்தை அரிக்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் கார்க் பேக்கிங்குகளும் எத்தனாலைத் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, உப்பி, ஒழுகும். சூடான எஞ்சினின் மேல் பெட்ரோல் ஒழுகினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்குச் செலவு அதிகமில்லை என்பது மத்திய அரசின் பதில். பாகம் கடையில் கிடைக்கும் வண்டிக்கு அது சரியான பதில்தான்.

ஐம்பதும் முப்பதும்

பழைய கார்களைத் தனி வகையாக மத்திய அரசு அங்கீகரித்தது 2021 ஜூலையில். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் 'விண்டேஜ்' என்று விதி வகுத்தது. புதிதாகப் பதிவு செய்தால் கட்டணம் ரூ. 20,000. பத்தாண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க ரூ. 5,000. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து 'வி.ஏ.' என்று வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசிச் சலுகைதான் பலரை நெகிழவைத்தது. மைசூர் மாநில காலத்து 'எம்.ஒய்.' எழுத்தும் மதராஸ் காலத்து 'எம்.எஸ்.' எழுத்தும் இவர்களுக்கு வெறும் பதிவு எண் அல்ல. மாநிலத்தின் பெயர் மாறிய பிறகும் அப்பாவின் காரில் மாறாமல் இருப்பது அது ஒன்றுதான்.

சலுகைக்கு விலை உண்டு. விண்டேஜ் வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். வாடகைக்கும் விடக்கூடாது. கல்யாண ஊர்வலத்துக்கு வண்டியை வாடகைக்குக் கொடுத்து அந்தக் காசில் டயர் வாங்கலாம் என்ற வழியும் அடைபட்டது.

உண்மையான சங்கடம் 50 வயதை எட்டாத வண்டிகளுக்கு. பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவா, 30 வயதான வண்டி, சரியான நிலையில் பாதுகாக்கப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமல் இருந்தால் அதை வரலாற்று வாகனம் என்கிறது. இந்தியச் சட்டத்துக்கு 50 வேண்டும். நடுவிலுள்ள இருபது ஆண்டுகளில் அந்த வண்டி பாரம்பரியம் அல்ல, வெறும் பழைய வண்டி. பதினைந்து வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ. 600லிருந்து ரூ. 5,000 ஆனது. இருபது வயதைத் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கார் என்றால் ரூ. 80,000. புகையும் விபத்தும் குறைய வேண்டும், பழைய வண்டிகள் கழிவுக்குப் போக வேண்டும் என்பதே நோக்கம். வாரத்தில் ஏழு நாளும் கரும்புகை கக்கும் வண்டியையும், மாதத்தில் ஒரு ஞாயிறு வெளியே வரும் வண்டியையும் கட்டண அட்டவணை பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை.

இந்த இடைவெளியில் விழுபவை எவை என்று பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். 1980களின் கான்டெஸா. 1985ன் ஸ்டாண்டர்ட் 2000. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்திய நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கையை மாற்றிய மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதியின் சாவியை இந்திரா காந்தி தில்லியைச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்தார். அந்த வாடிக்கையாளர் சாகும்வரை வண்டியை விற்கவில்லை. அவருக்குப் பின் அது வீட்டு வாசலில் துருப்பிடித்து நின்றது. கடைசியில் கம்பெனியே எடுத்துச் செப்பனிட்டுத் தன் தலைமையகத்தில் வைத்தது. முதல் வண்டி என்ற புகழ் அதைக் காப்பாற்றியது. ஆயிரமாவது வண்டியைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள்?

பணக்கார விளையாட்டா?

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் ஒதுக்க முடியாது. பழைய எஞ்சின் இன்றைய காரைவிடப் பலமடங்கு புகை விடும்; கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடையாது. சீட் பெல்ட் கிடையாது. காற்று மாசுக்காக 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் எதிரான தடையை 2018ல் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்தில் உறுதிசெய்தபோது, ஏழை டிரைவரின் வண்டியைப் பிடுங்கிவிட்டுப் பணக்காரரின் பொம்மைக்கு விதிவிலக்கா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்வி.

கிளப்புகளிடம் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. வருடத்தில் சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடும் சில ஆயிரம் வண்டிகளின் புகை, கணக்கில் சேராத அளவு என்பது ஒன்று. இன்னொன்று, வாங்கிய விலையில் இல்லை காரின் மதிப்பு என்பது. ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவர் செல்வந்தர்தான். ஆனால் அப்பா ரிடையரானபோது வந்த பணத்தில் வாங்கிய பியட்டை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் பேங்க் ஊழியரும் அதே ஊர்வலத்தில்தான் வருகிறார். அந்தக் காலத்தில் பியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். கார் வீட்டுக்கு வந்த நாள் பெண்ணுக்கு வரன் அமைந்த நாள்போலக் குடும்பத்தில் பேசப்படும். அந்தக் காத்திருப்பைப் புரிந்துகொள்ளப் புத்தகம் போதாது. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பதில் ஒன்றும் உண்டு. கிளப்புகள் அதை வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டினால் எடுபடும். 1995 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே ஃபெர்ண்டேல் என்ற சிற்றூரில் நெல்சன் ஹவுஸ் என்ற பிளம்பர், பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் திரட்ட ஒரு வழி யோசித்தார். உட்வர்ட் சாலையில் பழைய கார் உலா நடத்தலாம் என்றார். வந்தவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். எதிர்பார்த்ததைப்போலப் பத்து மடங்கு. இன்று அது உலகின் மிகப் பெரிய ஒருநாள் கார்த் திருவிழாக்களில் ஒன்று. தொடக்கத்தில் இருந்தது காரின் பெருமை அல்ல, ஒரு பேட்டைப் பிள்ளைகளின் மைதானம்.

இந்தியாவிலும் இந்தப் பக்கம் வளர்ந்துவருகிறது. சாலைப் பாதுகாப்பு, புற்றுநோய் விழிப்புணர்வு, நிதி திரட்டல் என்று ஊர்வலங்களுக்கு ஒரு காரணம் சேர்ந்துகொள்கிறது. சேகரிப்புகள் பூட்டிய ஷெட்டிலிருந்து மக்கள் பார்வைக்கு வருகின்றன. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. சென்னை வடபழனி ஏவி.எம். ஸ்டூடியோவில் பழைய படப்பிடிப்புக் கருவிகளோடு பழைய கார்களையும் சேர்த்து 2023ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே தர்மஸ்தலா தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்கடேயின் சேகரிப்பு 'பயணா' என்ற பெயரில் காட்சிக்கு இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, சாவி போடாமல் முன்னால் கைப்பிடியைச் சுற்றினால் கார் கிளம்பும் என்று கேட்டு வாய் பிளக்கிறார்கள்.

அருங்காட்சியகம் நல்லது. ஆனால் அது கடைசி அத்தியாயம். ஓடாத கார் இரண்டு வருடத்தில் சிலையாகிவிடும். பிஸ்டன் இறுகும், பிரேக் பிடித்துக்கொள்ளும், எலி ஒயரைக் கடிக்கும். அது ஓடினால்தான் மெக்கானிக்குக்கு வேலை, லேத் பட்டறைக்கு ஆர்டர், பட்டறையில் நிற்கும் பையனுக்குக் கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பு. ஞாயிறு உலாவின் உண்மையான பயன் இதுதான். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை. வண்டிக்கு அது மூச்சு.

மூச்சு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை சாட்சி. நாற்பது ஆண்டுக்கு மேல் அந்த ஊரின் முகமாக இருந்த கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளில் கடைசியானது 2003 அக்டோபரில் பதிவானது. டாக்சிக்கான வயது வரம்பு 20 ஆண்டு. 2023 அக்டோபர் 30 முதல் மும்பைச் சாலைகளில் பத்மினி டாக்சி இல்லை. ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் வையுங்கள் என்ற கோரிக்கை அதன் பிறகுதான் ஊர் முழுக்கக் கேட்டது. ஆயிரக்கணக்கில் ஓடியபோது அதைப் பாதுகாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கும் இருக்கும் பொருளுக்கு நேர்கிற கதி அதுதான்.

லிங்கராஜபுரம் பாலத்தில் இன்று நெரியும் கார்களில் ஏதோ ஒன்று முப்பது ஆண்டு கழித்து அந்த இடத்தில் நிற்கும். எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் கார்புரேட்டரைக் காதால் கேட்பவர்கள் மறைந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் சில்லைச் சரிபார்க்க யாராவது ஒரு பட்டறைக்காரர் மிஞ்சியிருக்கிறாரா என்று தேடிக்கொண்டு, ஒரு ஞாயிறு விடியலில் யாரோ ஒருவர் உறையை விலக்குவார்.